பூட்டிக் எடிஷன்னு சொல்லி 20% கூட கேட்டா கொடுக்கலாமா?

கேள்வி: சார், நான் சிங்கப்பூர்ல அனஸ்தீசியா டாக்டரா இருக்கேன், அடுத்த வருஷம் 50 வயசாகுது. ரொம்ப வருஷமா ஒரு நல்ல க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் இருக்குற வாட்ச் வாங்கணும்னு ஆசை. இங்க பழைய வாட்ச் விக்கிற ஒரு டீலர்கிட்ட ஏ. லாங்கே உண்ட் ஸோனேங்கிற ஜெர்மன் கம்பெனியோட 1815 க்ரோனோகிராஃப் பூட்டிக் எடிஷன் ஒண்ணு பார்த்தேன். வெள்ளைத் தங்கம், வெள்ளி நிற டயல், நீல எழுத்து, ஓரத்துல நாடித் துடிப்பை அளக்குற பல்சோமீட்டர். 2016ல வாங்கினதாம், பாக்ஸ் பேப்பர் எல்லாம் இருக்கு, இதுவரைக்கும் சர்வீஸ் பண்ணதே இல்லையாம். அதே 1815 க்ரோனோகிராஃபோட சாதாரண மாடலைவிட 20% கூட கேட்கிறார். "இது லிமிடெட் எடிஷன், கம்பெனி தன்னோட சொந்தக் கடைகளான பூட்டிக்குகளுக்காகவே செஞ்சது, விலை ஏறிக்கிட்டேதான் போகும்"ங்கிறார். என் மனைவியோ "அவங்க கடைக்கு அவங்க மரியாதை செய்றதுக்கு நாம எதுக்கு காசு கொடுக்கணும்"னு கேட்கிறாங்க. எனக்கு அந்த பல்சோமீட்டர் ரொம்பப் பிடிச்சிருக்கு, மெடிசின் படிக்கிற என் பொண்ணுக்கு பின்னாடி கொடுக்கலாம்னும் ஒரு நினைப்பு. வாங்கலாமா?

பதில்: டாக்டர், முதல்ல நேரடியா பதில் சொல்லிடறேன், அப்புறம் காரணத்துக்கு வரேன். வாட்ச் நல்ல வாட்ச், வாங்கலாம். ஆனா பூட்டிக் எடிஷன்ங்கிற பேருக்காக 20% கூட கொடுக்காதீங்க. அந்த டயல் உங்களுக்கு உண்மையிலேயே பிடிச்சிருந்தா கொஞ்சம் கூட கொடுக்கிறது தப்பில்ல, ஆனா அது டயலுக்குக் கொடுக்கிற காசா இருக்கணும். மிச்சத்தை சர்வீஸுக்கு எடுத்து வைங்க, ஏன்னா அந்த வாட்சுக்கு இப்ப அதுதான் தேவை.

டீலர் சொன்ன "லிமிடெட் எடிஷன்" விஷயத்தை முதல்ல பிரிச்சுப் பார்ப்போம். லிமிடெட் எடிஷன் வேற, பூட்டிக் எடிஷன் வேற, இந்த ரெண்டையும் ஒண்ணா குழப்பித்தான் சந்தையில நிறைய பேர் விக்கிறாங்க. லிமிடெட்னா இத்தனை பீஸ்தான், அதுக்கு மேல செய்ய மாட்டோம்னு கம்பெனி முன்கூட்டியே சொல்லிடும், அனேகமா கேஸோட பின்பக்கம் எத்தனையாவது பீஸ்னு எண்ணும் பொறிச்சிருக்கும். லாங்கேயிலயே உதாரணம் வேணும்னா, 2015ல நிறுவனரோட 200வது பிறந்த வருஷத்துக்காக பிளாட்டினத்துல ஒரு 1815 வந்துச்சு, அது 200 பீஸ்தான். 2020ல ஹனிகோல்ட்ங்கிற அவங்களோட தனித் தங்கத்துல ஒரு 1815 ராட்ரபான்டே (ரெண்டு செகண்ட் முள் இருக்குற க்ரோனோகிராஃப்) வந்துச்சு, அது 100 பீஸ். வெறும் பூட்டிக் எடிஷன்ல பொதுவா எண்ணிக்கை பத்தின பேச்சே இருக்காது, எங்க விப்போம்ங்கிறதுக்கு மட்டும்தான் எல்லை, அதாவது எங்க சொந்தக் கடையில மட்டும். நீங்க பார்த்த மாடல், 2015ல வந்தது, இந்த ரெண்டாவது வகை. கடையில கேட்டு வர்ற வரைக்கும் செஞ்சு கொடுத்தாங்க, அவ்வளவுதான். அடுத்த தடவை டீலர்கிட்ட போகும்போது பின்பக்கத்தைத் திருப்பி, "இதுல எத்தனையாவது பீஸ்னு எங்க போட்டிருக்கு"ன்னு மரியாதையா கேளுங்க. அவர் என்ன பதில் சொல்றார்ங்கிறதுல இருந்து வாட்சைப் பத்தி மட்டும் இல்ல, அவரைப் பத்தியும் உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

அதுக்காக அபூர்வமே இல்லைன்னு நான் சொல்லல. லாங்கே மொத்தமாவே வருஷத்துக்கு சில ஆயிரம் வாட்ச்தான் செய்றாங்க, அதுல க்ரோனோகிராஃப் ஒரு சின்னப் பங்கு, அதுலயும் இந்த டயல் இன்னும் சின்னப் பங்கு. ஆனா அந்த அபூர்வம் சாதாரண மாடலுக்கும் பெரும்பாலும் பொருந்தும், அதான் விஷயம்.

உங்க மனைவி கேட்டது ரொம்ப சரியான கேள்வி, அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும். ஒரு வாட்ச் கம்பெனி தன்னோட கடைக்குன்னு ஏன் தனியா ஒரு வாட்ச் செய்யுது? முன்னாடியெல்லாம் வாட்ச் கம்பெனி தயாரிப்பாளர் மட்டும்தான், விக்கிறது ஊர்ல பேர் வாங்கின நகைக்கடை, கடிகாரக் கடைக்காரங்க வேலை. மக்கள் நம்பினதும் அந்தக் கடைக்காரரைத்தான், அதனால டயல்ல கம்பெனி பேரோட கடைக்காரர் பேரையும் சேர்த்து அச்சடிப்பாங்க. நியூயார்க்ல டிஃப்பனி, மிலன்ல கோபி, காரகாஸ்ல செர்பிகோ இ லைனோ, ஜூரிச்ல பையர்ங்கிற கடை. அந்தக் காலத்துல அது ஒரு கடை முத்திரை, யாரும் அதுக்குன்னு கூட காசு கொடுக்கல. இன்னைக்கு அந்த ரெட்டைப் பேர் இருந்தா ஏலத்துல விலை எங்கயோ போகுது. கோபி பேர் போட்ட, சுவிஸ் கம்பெனி படேக் பிலிப்போட 2523 வேர்ல்ட் டைம் ஒண்ணு 2019 நவம்பர்ல ஹாங்காங் கிறிஸ்டீஸ் ஏலத்துல 70 மில்லியன் ஹாங்காங் டாலருக்கு மேல போச்சு.

அதுக்கப்புறம் கடந்த 20, 25 வருஷத்துல காலம் மாறி, கம்பெனிகளே சொந்தக் கடை திறக்க ஆரம்பிச்சாங்க. காரணம் ஒண்ணும் ரகசியம் இல்ல. வெளிக்கடைக்காரருக்கு பெரிய மார்ஜின் விடணும், சொந்தக் கடைன்னா அது அவங்களுக்கே மிச்சம். வெளிக்கடைக்காரர் டிஸ்கவுன்ட் கொடுத்து விலையைக் கெடுப்பார், சொந்தக் கடையில அது நடக்காது. எல்லாத்தையும்விட முக்கியமா, யார் வாங்குறாங்கன்னு பேர் விலாசத்தோட கம்பெனிக்கே நேரடியா தெரியும். லாங்கே முதல் பூட்டிக்கை 2007ல டிரெஸ்டன்ல திறந்தாங்க, அங்கதான் நிறுவனர் ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே 1815ல பிறந்தார், ஃபேக்டரி இருக்குற கிளாஸ்ஹ்யூட்டேயும் அங்க இருந்து பக்கம்தான். அப்புறம் உலகம் பூரா திறந்தாங்க, உங்க ஊர் சிங்கப்பூர் வரைக்கும். கடையை திறந்துட்டா மட்டும் போதுமா, பக்கத்து மால்ல நாலு கம்பெனி வாட்சையும் ஒண்ணா வெச்சு விக்கிற கடையில அதே வாட்ச் கிடைச்சா இங்க எதுக்கு வரணும்? அதனால இங்க மட்டும் கிடைக்கிற ஒண்ணு வேணும், அதுதான் பூட்டிக் எடிஷன். ஆக உங்க மனைவி சொல்றது நிஜம், முதல்ல இது கடைக்காக வந்த யோசனை. ஆனா அதுல நல்லது ஒண்ணும் நடக்குது. எல்லாக் கடைக்கும் போற வாட்சுல கம்பெனி பயந்து பயந்துதான் மாத்தம் பண்ணும், சொந்தக் கடைக்குச் சின்ன அளவுல செய்யும்போது விஷயம் தெரிஞ்ச கஸ்டமர்கள் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கிறதைத் தைரியமா செய்யும். நீங்க பார்த்த வாட்ச் அப்படி வந்ததுதான்.

எப்படின்னு சொல்றேன். 1815 க்ரோனோகிராஃப் முதல்ல வந்தது 2004ல, அதுல பல்சோமீட்டர் இருந்துச்சு. 2010ல உள்ள இருக்குற இயந்திரத்தை, அதாவது மூவ்மென்ட்டை மாத்தி, ஓட்டத்தைச் சீரா வைக்கிற மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கைத் தாங்களே செய்யத் தொடங்கி, எல்951.5ங்கிற மூவ்மென்ட்டோட புது வாட்சை விட்டாங்க, ஆனா டயல்ல இருந்த பல்சோமீட்டரை எடுத்துட்டாங்க. டயல் சுத்தமா ஆச்சு, ஆனா பழசைப் பிடிச்சவங்களுக்கு வருத்தம். 2015ல நிறுவனரோட 200வது வருஷத்துல பூட்டிக்குக்குன்னு செய்யும்போது அந்த பல்சோமீட்டரைத் திரும்பக் கொண்டு வந்தாங்க, நீல நிறத்துல. பார்க்கவும் ரொம்ப அழகு, அதை நான் மனசாரச் சொல்வேன். கெட்டி வெள்ளியில செஞ்ச டயல், சூட்டுல நீலமாக்கின ஸ்டீல் முள், ரெண்டு சின்ன டயலும் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழ இறங்கி 4 மணிக்கும் 8 மணிக்கும் பக்கத்துல உட்கார்ந்திருக்கும், 39.5 மில்லிமீட்டர்தான் சைஸ். இதுல ஒண்ணை மட்டும் மனசுல வைங்க. 2017லயே வெள்ளைத் தங்கத்துல கருப்பு டயலோட பல்சோமீட்டர் இருக்குற 1815 க்ரோனோகிராஃப் வந்துடுச்சு. ஆக பூட்டிக்ல மட்டும்னு இருந்த விஷயம் ரெண்டே வருஷத்துல வேற நிறத்துல வந்துடுச்சு, இன்னைக்கு உங்க டீலர் "இது மாதிரி வேற எங்கயும் இல்ல"ன்னு சொன்னா அது அந்த டயலோட நிறத்துக்கு மட்டும்தான் உண்மை.

பின்பக்கம் திருப்பினா 2010ல இருந்து வந்த எல்லாத்துலயும் ஒரே மூவ்மென்ட், அதைப் பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா நீங்க கொடுக்கிற காசுல பெரும்பகுதி அதுக்குத்தான். 306 பாகம், சாவி கொடுக்குற வாட்ச், முழுசா சாவி கொடுத்தா 60 மணி நேரம் ஓடும், மணிக்கு 18,000 அதிர்வு. 1999ல லாங்கே டேட்டோகிராஃப்னு ஒண்ணு விட்டாங்க, உங்க வாட்சோட மூவ்மென்ட் அந்தக் குடும்பம். அந்த சமயத்துல சுவிஸ்ல பெரிய பெரிய பேர் எல்லாம் க்ரோனோகிராஃப்னா லெமானியாங்கிற கம்பெனி செஞ்ச மூவ்மென்ட்டைத்தான் அடிப்படையா எடுத்து அழகுபடுத்திப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. படேக் பிலிப் தன்னோட சொந்த சாவி கொடுக்குற க்ரோனோகிராஃப் மூவ்மென்ட்டை சாதாரண வாட்சுல விட்டது 2009லதான். அப்ப, 1948ல கம்யூனிஸ்ட் அரசு பறிமுதல் பண்ணி பேரே இல்லாம போன ஒரு கம்பெனி, 1990 டிசம்பர் 7ஆம் தேதி வால்டர் லாங்கே திரும்பப் பதிவு பண்ணி, 1994ல முதல் வாட்சுகளைக் காட்டி, அடுத்த 5 வருஷத்துல சுவிஸ்காரங்களையே திரும்பிப் பார்க்க வெச்ச மூவ்மென்ட் குடும்பம் இது. சுவிஸ்ல தனியா உட்கார்ந்து கையால வாட்ச் செய்ற பிலிப் டுஃபூரே டேட்டோகிராஃபைத் தன் கையில கட்டியிருக்கார்ங்கிறது வாட்ச் உலகத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்கு இந்த மூவ்மென்ட் மேல இருக்குற மரியாதையை மறைக்க விரும்பல, ஒவ்வொரு லாங்கே மூவ்மென்ட்டையும் ஒரு தடவை கோத்து, ஓடவிட்டு, சரி பண்ணி, திரும்ப முழுசா பிரிச்சு, துடைச்சு, பாலிஷ் முடிச்சு ரெண்டாவது தடவை கோப்பாங்க. முன்னும் பின்னும் ஆடி வாட்சோட வேகத்தைக் கட்டுப்படுத்துற பேலன்ஸ் வீலுக்கு மேல இருக்குற பாலத்துல பூ வேலைப்பாடு கையால செதுக்கினது, செதுக்கினவர் யார்னு அங்க வேலை செய்றவங்க பார்த்தே சொல்லிடுவாங்க.

இவ்வளவும் சாதாரண மாடல்லயும் அப்படியே இருக்கு. அதனாலதான் 20% எனக்கு ஒத்து வரல.

விலை ஏறிக்கிட்டே போகும்ங்கிறதுக்கு வரேன். அப்படிச் சொல்றவங்க எல்லாரும் ஒரே உதாரணத்தைத்தான் காட்டுவாங்க, 2021 டிசம்பர்ல டிஃப்பனி நீல டயலோட வந்த படேக் நாட்டிலஸ் 5711. டிஃப்பனி படேக் உறவுக்கு 170 வருஷம்னு 170 பீஸ் செஞ்சாங்க, அமெரிக்காவுல டிஃப்பனி கடையில மட்டும் விலைக்கு, சுமார் 52,000 டாலர். முதல் பீஸை நியூயார்க்ல ஃபிலிப்ஸ் ஏலத்துல விட்டாங்க, 6.5 மில்லியன் டாலர் போச்சு, பணம் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்குப் போச்சு. ஆனா அங்க என்னென்ன ஒண்ணா சேர்ந்துச்சுன்னு பாருங்க. எண்ணிக்கை உண்மையிலேயே 170, அந்த மாடலையே நிறுத்தப்போறோம்னு கம்பெனி அறிவிச்ச வருஷம், ஏலப் பணம் தர்ம காரியத்துக்கு, எல்லாத்துக்கும் மேல வாட்ச் விலை உச்சத்துல இருந்த நேரம். 2022 நடுவுல இருந்து செகண்ட் ஹாண்ட் விலை பெரும்பாலான கம்பெனிக்கும் இறங்க ஆரம்பிச்சுது, உச்சத்துல வாங்கினவங்க நிறைய பேர் இன்னைக்கும் அந்த விலையைத் திரும்பப் பார்க்கல. அந்த ஒரு வாட்சை வெச்சு, எண்ணிக்கை எல்லை இல்லாத, வேற நிறத்துல தொடர்ந்து வந்த ஒரு வாட்சுக்கு கணக்குப் போடக்கூடாது. லாங்கே நல்லா விலை தாங்குற கம்பெனிதான், ஆனா உங்க 50வது பிறந்தநாள் வாட்சை முதலீடுன்னு நினைச்சு வாங்கினா அதை ஒரு நாளும் நிம்மதியா கட்ட மாட்டீங்க, ஒவ்வொரு கீறலுக்கும் மனசு கணக்குப் போடும்.

விலை சரியான்னு பார்க்க டீலர்கள் கேட்கிற விலையைப் பார்க்காதீங்க, யார் வேணா எது வேணா கேட்கலாம். ஃபிலிப்ஸ், கிறிஸ்டீஸ், சோத்பீஸ் மூணு பேரோட பழைய ஏல முடிவுகளும் எல்லாரும் பார்க்கிற மாதிரிதான் இருக்கு, அதுல இதே வாட்ச், கடைசி 2 வருஷத்துல விற்ற விலை என்னன்னு தேடுங்க. அந்த விலையில வாங்குறவர் கட்டுற கமிஷனும் சேர்ந்திருக்கும்ங்கிறதை ஞாபகத்துல வெச்சுக்கங்க. அப்படியே 2010 மாடல், 2004 மாடல் ரெண்டையும் பாருங்க. பல்சோமீட்டர்தான் உங்க மனசுல இருக்குன்னா 2004ல வந்த முதல் தலைமுறையும் உங்களுக்கு ஒரு வழி, அதை ஒரு தடவை கையில கட்டிப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க.

இப்ப நான் தினமும் செய்ற வேலைக்கு வரேன், வாட்சோட நிலைமை. 2016ல வாங்கி சர்வீஸே பண்ணலைன்னு டீலர் பெருமையா சொல்றார், ஆனா அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்ல. எண்ணெய் காயும், ஓடிக்கிட்டே இருந்தா காய்ஞ்ச எண்ணெயில சக்கரத்தோட அச்சு முனை (பிவட்) தேயும். பொதுவா 5ல இருந்து 7 வருஷத்துக்கு ஒரு தடவை சாவி கொடுக்குற க்ரோனோகிராஃபைப் பிரிச்சு எண்ணெய் போடணும். அதனால வாங்கின கையோட சர்வீஸ் செலவு உங்க தலையிலதான், அதை இப்பவே விலையில கழிக்கச் சொல்லுங்க. இது மாதிரி வாட்சைத் தெரு முனையில இருக்குற கடையில கொடுக்காதீங்க, எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் சரி. கம்பெனி மூலமா அனுப்புங்க, க்ரோனோகிராஃப் முழு சர்வீஸ்னா கிளாஸ்ஹ்யூட்டே வரைக்கும் போய் வர வேண்டியிருக்கும், மாசக்கணக்குல ஆகும், செலவும் சும்மா இல்ல. எழுத்துல எஸ்டிமேட் வாங்கிட்டு டீலரோட பேசுங்க.

அதுக்கு முன்னாடி லூப் (கண்ணுல வெச்சுப் பார்க்கிற பூதக்கண்ணாடி) எடுத்துக்கிட்டு நல்ல வெளிச்சத்துல பின்பக்கக் கண்ணாடி வழியா பாருங்க. தகடும் பாலங்களும் தெரியும், அது ஜெர்மன் சில்வர், பேர்ல வெள்ளி இருந்தாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, லாங்கே அதுக்கு மேல எந்தப் பூச்சும் போட மாட்டாங்க. நாள் ஆக ஆக நல்ல பித்தளைப் பாத்திரம் மாதிரி லேசா மஞ்சள் ஏறும், அது குறை இல்ல, அழகு. ஆனா வெறும் கையால யாராவது தொட்டிருந்தா அந்த விரல் தடம் அங்கயே பதிஞ்சு கருத்துப் போயிருக்கும், அதைத் துடைச்சா போகாது. நீல ஸ்க்ரூ தலையில வெட்டின கோட்டோட ஓரம் பாருங்க, ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியிருந்தா அங்க பளபளன்னு ஒரு கீறல் தெரியும். சர்வீஸே பண்ணலைன்னு சொல்ற வாட்சுல விரல் தடமோ ஸ்க்ரூ கீறலோ இருந்தா யாரோ திறந்திருக்காங்கன்னு அர்த்தம், அப்ப பேச்சை அங்கயே நிறுத்திக்கங்க.

கேஸ்ல பாலிஷ் பார்க்கணும், வெள்ளைத் தங்கம் ஸ்டீலைவிட மெத்துன்னு இருக்கும், அதனால கீறலும் சீக்கிரம் விழும், டீலர்கள் விக்கிறதுக்கு முன்னாடி பஃப் போட்டுப் பளபளன்னு ஆக்கிடுவாங்க. லாங்கே கேஸ்ல வார் மாட்டுற கொம்பு மேல ஒரு கூர்மையான ஓர வெட்டு இருக்கும், கேஸ் நடுப்பகுதி மேட்டா இருந்து மேல் வளையம் பாலிஷா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல கோடு கத்தி மாதிரி தெளிவா தெரியணும். அந்த ஓரம் உருண்டு போயிருந்தா எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் விலையைக் குறைக்கணும், ஏன்னா போன தங்கம் திரும்ப வராது. லேசான கீறலோட ஓரம் கூர்மையா இருக்குற வாட்ச் கிடைச்சா அதையே எடுங்க.

அப்புறம் ஓட விட்டுப் பாருங்க, அவசரப்படாம. மேல் பட்டனை அழுத்தி க்ரோனோவை ஸ்டார்ட் பண்ணுங்க, முள் கிளம்பும்போது லேசா ஒரு துள்ளு துள்ளலாம், பக்கவாட்டுல பல்லும் பல்லும் சேர்ற கிளட்ச் இதுல இருக்கு, அது இயல்பு. செகண்ட் முள் 60ஐத் தாண்டுற அந்தக் கணத்துல நிமிஷ முள் டக்குனு ஒரு கோடு தாவணும், இழுத்து இழுத்து நகரக்கூடாது, அந்தத் தாவல்தான் இந்த மூவ்மென்ட்டோட பெருமை. முழுசா அரை மணி நேரம் ஓட விடுங்க. ஓடும்போதே கீழ் பட்டனை அழுத்திப் பிடிங்க, முள் சரியா 12க்கு வந்து நிக்கணும், விட்டதும் திரும்பக் கிளம்பணும், அது ஃப்ளைபேக். 12க்குக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்னா வேலை இருக்கு. டீலர்கிட்ட வாட்சோட ஓட்டத்தை அளக்குற டைம்கிராஃபர் மெஷின் இருக்கும், க்ரோனோ நின்னிருக்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் வீல் எவ்வளவு தூரம் ஆடுதுங்கிறதைக் காட்டச் சொல்லுங்க. கொஞ்சம் இறங்குறது சகஜம், நிறைய இறங்கினா எண்ணெய் காய்ஞ்சிருக்கலாம்.

பேப்பர்ல இருக்குற ரெஃபரன்ஸ் நம்பர், கேஸ் நம்பர், மூவ்மென்ட் நம்பர் மூணும் வாட்சோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. வித்த தேதியும் வித்த பூட்டிக்கோட முத்திரையும் இருக்கணும், ஏன்னா இந்த மாடல் வேற எங்கயும் விற்கப்படல. பேப்பர்ல சாதாரண வெளிக்கடை முத்திரை இருந்தா பேப்பர் வேற வாட்சோடதா இருக்கலாம். பூட்டிக்ல மட்டும் வித்ததோட ஒரே நடைமுறைப் பயன் இதுதான், எங்க வித்தாங்கன்னு தடம் பிடிக்கிறது சுலபம்.

உங்க தொழிலுக்காக ரெண்டு மூணு விஷயம் சொல்லணும், இது மத்தவங்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்த பல்சோமீட்டர் 30 துடிப்புக்கு அளவெடுத்தது. நாடியில விரல் வெச்சு ஸ்டார்ட் பண்ணி, 30வது துடிப்புல நிறுத்தினா முள் நிக்கிற இடத்துல நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்கும். 30 செகண்ட் ஆனா 60, 15 செகண்ட் ஆனா 120, மனக்கணக்கே வேண்டாம். ஸ்டார்ட் பண்ற துடிப்பைப் பூஜ்யம்னு எண்ணணும், ஒண்ணுன்னு எண்ணினா அளவு கொஞ்சம் தப்பும். சீரில்லாத துடிப்புக்கு இது சரிப்படாதுங்கிறது என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். ஆபரேஷன் தியேட்டருக்குள்ள எப்படியும் கட்ட மாட்டீங்க, ஆனா எம்ஆர்ஐ ரூமுக்கு மயக்க மருந்து கொடுக்கப் போவீங்க இல்லையா, அதுதான் என் பெரிய பயம். காந்தத்தைத் தாங்கும்னு சொல்லிக்க ஒரு வாட்சுக்கு இருக்குற சர்வதேச அளவு 60 காஸ் மாதிரி ஒண்ணு. உங்க ஸ்கேனர் 1.5 டெஸ்லான்னா அது 15,000 காஸ். இந்த வாட்சுல இருக்குற ஹேர்ஸ்பிரிங் சாதாரண உலோகம்தான், சிலிக்கான் இல்ல. உள்ள போனா சுருளோட சுருள் ஒட்டி வாட்ச் தாறுமாறா ஓட ஆரம்பிச்சிடும், உங்க பாதுகாப்புக்கும் நல்லதில்ல. லாக்கர்ல கழட்டி வெச்சுட்டுப் போற பழக்கத்தை முதல் நாள்ல இருந்தே வெச்சுக்கங்க. கைக்குப் போடுற சானிடைசர் முதலைத் தோல் வாரைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும், வேலை நாளுக்கு ஒரு சாதாரண வார், விசேஷத்துக்கு ஒரிஜினல் வார்னு ரெண்டா வெச்சுக்கலாம், ஒரிஜினல் பக்கிளைத் தூக்கிப் போட்டுடாதீங்க. தண்ணிக்கு 30 மீட்டர்னு போட்டிருந்தாலும் கை கழுவுறதுக்கு மேல நம்பாதீங்க.

பொண்ணுக்குக் கொடுக்கிற யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. 39.5 அவங்களுக்கும் பொருந்தும், நாடி பார்க்கிற அளவுகோல் போட்ட வாட்சை ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குக் கொடுக்கிறதைவிடப் பொருத்தம் எதுவும் இல்ல. அதனாலயே ஒண்ணு கேட்டுக்கறேன், அவங்களையும் டீலர்கிட்ட கூட்டிட்டுப் போய் வெள்ளி டயல், கருப்பு டயல் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கருப்பு டயல்தான் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்கன்னா இந்த 20% பேச்சே தேவையில்லாம போயிடும்.

வெள்ளி டயல்தான்னு முடிவானா, டீலர்கிட்ட சொல்ல வேண்டியது இதுதான்: சாதாரண மாடல் ஏலத்துல போற விலை, அதுக்கு மேல டயலுக்காக 5%ல இருந்து 8% வரைக்கும், அதுல இருந்து கம்பெனி எழுதிக் கொடுத்த சர்வீஸ் எஸ்டிமேட்டைக் கழிச்சது. ஜிஎஸ்டி சேர்ந்த விலையா, சேராத விலையான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. ஒத்துக்கலைன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க, எண்ணிக்கை எல்லை இல்லாத வாட்ச், இன்னொண்ணு சந்தைக்கு வரும். ஒத்துக்கிட்டா பின்பக்கம், கொம்போட ஓரம், பேப்பர் மூணையும் தெளிவா போட்டோ எடுத்து அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.